பரணில் இருப்பதை இறக்குங்கள், கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் வாடகை வீட்டில், தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். நான், கணவர், அத்தை, நான்கு வயது மகள். வருகிற தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. மண்டபம் பிடிக்க வசதியில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். ஹால் 10க்கு 12 அடி. அதில் பரண் இருக்கிற பக்கத்துச் சுவர் பாத்ரூமை ஒட்டியது. அடியில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிகிறது. ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதாக வீட்டு ஓனர் சொல்லியிருக்கிறார். அலங்காரத்துக்கு என்னால் ஒதுக்க முடிந்தது 2,000 ரூபாய். அத்தையின் டிரங்குப் பெட்டி, அதில் ஐந்து பழைய காட்டன் புடவைகள், அவருடைய கல்யாணப் பட்டு, பித்தளை அண்டா, குடம், தாம்பாளம் இருக்கின்றன. வீடியோக்களைப் பார்த்து 14 கண்ணாடி பாட்டில்களும் சேர்த்துவிட்டேன். சுவரை மறைக்கச் செங்கல் டிசைன் ஃபோம் ஸ்டிக்கர் நான்கு ஷீட் வாங்கியிருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. பட்டுப்புடவையை வெட்டிக் குஷன் உறை தைக்கலாமா? குடத்தில் ஓட்டை போட்டு டேபிள் லாம்ப் செய்யலாமா? கணவர் பட்டறையில் கிடைக்கும் மரப் பேலட்டில் டீப்பாய் செய்யலாம் என்கிறார். எதில் ஆரம்பிப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்டிக்கரை இன்னும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

வீட்டு உள்அலங்காரத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஓதம் ஏறிய சுவர். வீட்டுக்காரம்மாவுக்குப் புதுமனை புகுவிழா அவசரம், எனக்கு நல்ல பெயர் வாங்கும் அவசரம். சுவர் மேல் பிளைவுட் அடித்து மறைத்துக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு மழைக்காலம் போனது. பலகையைத் தட்டினால் பொத பொதவென்று சத்தம், பின்னால் கறுப்புப் பூஞ்சை, ஒரு மூலையில் கரையான். சொந்தச் செலவில் பிரித்துக் கொடுத்தேன். ஈரமான சுவர் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். முகத்தை மூடினால் ஈரம் பக்கவாட்டில் ஏறும், மேலே ஏறும். உங்கள் ஃபோம் ஸ்டிக்கரின் பசை உப்புப் பூத்த இடத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. நல்ல சுவராகப் பார்த்து ஒட்டினால் வீடு காலி செய்யும்போது பெயிண்டோடு சேர்ந்து வரும். அதுவும் அட்வான்ஸில்தான் போய் முடியும்.

அதனால் முதலில் சுவர். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, அந்தச் சுவரில் பெயிண்ட் உரியாத இடத்தில் நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்தால் பாதி தீரும். சுவரைப் பார்த்த உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பாத்ரூமை ஒட்டிய சுவர் என்பதால் முதல் சந்தேகம் இரண்டு: அந்தப் பக்கத்து டைல்ஸ் இணைப்பு, அல்லது உள்ளே போகும் குழாய். இரண்டுமே ஓனர் செய்ய வேண்டிய வேலை. தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பின்னால் "நீங்கள் குடிவந்த பிறகுதான் இப்படி ஆச்சு" என்று பேச்சு வராமல் இருக்கும்.

இப்போது பெயிண்ட் அடிக்க வேண்டாம். இவ்வளவு ஈரம் ஊறிய சுவர் தைக்குள் காயாது. உரிந்து தொங்குவதை மட்டும் பட்டித் தகட்டால் சுரண்டி, வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பேப்பரில் வாரி வெளியே போட்டுவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும், பத்து நாளில் திரும்பப் பூக்கும்.

சரி, மறைப்பது எப்படி? நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தப் பரண்தான் வழி. பரண் சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும். அதன் விளிம்பிலிருந்து துணியைத் தொங்கவிட்டால் துணிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி காற்றோட்டம். சுவர் மூச்சு விடும், கண்ணுக்கும் தெரியாது, ஆணியும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. குறுக்கே பாதியாக வெட்டினால் ஒன்பது அடி நீளத்தில் இரண்டு துண்டு. ஏழடி தொங்க, ஒன்றரை அடி பரண் மேல் கிடக்க, மீதி அரை அடி மடிப்புக்கும் தையலுக்கும். புடவையின் அகலம் நான்கடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டு புடவை என்றால் நான்கு துண்டு, கிட்டத்தட்ட 15 அடி. உங்கள் சுவர் பத்தடி. திரைச்சீலை நன்றாக மடிப்பு விழுந்து தொங்க இடத்தைப்போல ஒன்றரை மடங்கு துணி வேண்டும் என்பார்கள் டெய்லர்கள். அளவு எடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. உங்கள் ஐந்து புடவையில் கண்டாங்கி இருந்தால் அதை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். நூல் தடிமன், கட்டம் பெரிசு, கரை அகலம். தூரத்திலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும். சுங்குடி மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவும்; அது ஜன்னலுக்கு. பழைய புடவை சில நேரம் நீளம் கூடக் குறைய இருக்கும், அதனால் வெட்டும் முன் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள். வெட்டும் முன்பே கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் தனித்தனியாக ஒருமுறை அலசிக் காயவைப்பதும் நல்லது. சாயம் இறங்குமா, துணி சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மரக்கடையில் இரண்டங்குல ரீப்பர் கட்டை பத்தடி வாங்குங்கள். துணியின் மேல் ஓரத்தை அதில் ஒரு சுற்றுச் சுற்றி அடிக்கொரு குண்டூசி ஆணி அடியுங்கள். இந்த ஆணி கட்டையில்தான், ஓனரிடம் தைரியமாகச் சொல்லலாம். கட்டையைப் பரண் மேல் உள்பக்கமாகத் தள்ளி வைத்து, அதன் மேல் சூட்கேஸ், பாய்ச்சுருட்டு எல்லாம் வரட்டும். குழந்தை இருக்கிற வீடு. துணியைப் பிடித்துத் தொங்காமல் இருக்காது. வைத்து முடித்ததும் நீங்களே இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். கட்டை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மேலே கனம் கூட்டுங்கள், அல்லது பாரத்தை இன்னும் பின்னால் தள்ளுங்கள். பரண் விளிம்பில் அண்டா, இரும்புச் சாமான் எதுவும் வேண்டவே வேண்டாம். துணி தரையிலிருந்து இரண்டங்குலம் மேலேயே நிற்கட்டும், கூட்டித் துடைக்க வசதி.

ஹாலில் இரண்டடி போகிறதே என்று தோன்றும். போகத்தான் செய்யும். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் துணி காயப்போடும் ஸ்டாண்ட், பக்கெட், குழந்தையின் சைக்கிள் எல்லாம் போய்விட்டால், மீதிப் பத்தடி இப்போது இருப்பதைவிடப் பெரிசாகத் தெரியும். மெத்தை, தலையணை, அரிசி மூட்டை மட்டும் அங்கே கூடாது, ஓதம் பிடிக்கும்.

மீதி மூன்று புடவைகளுக்கு வருகிறேன். ஒன்று ஜன்னலுக்கு: நான்காக வெட்டினால் துண்டு நாலரை அடி, நான்கடி உயர ஜன்னல் இரண்டுக்கு இரண்டிரண்டாகச் சரியாக வரும். இரண்டாவது, கடப்பா கல் அலமாரியின் கீழ்த் தட்டுகளை மறைக்க. (நீங்கள் எழுதவில்லை, ஆனால் உறையூர்ப் பக்கத்து வாடகை வீட்டு ஹாலில் கதவில்லாத கடப்பா அலமாரி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.) மூன்றாவதைப் பரண் மேல் கண்ணுக்குத் தெரியும் அட்டைப் பெட்டிகள் மேல் போர்த்திவிடுங்கள். ஒரே துணியாக இருந்தால் போதும், உள்ளே என்ன குப்பை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இனி பட்டு. வெட்ட வேண்டாம். முதல் காரணம், அத்தையிடம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவருடைய கல்யாணப் புடவை அது. இரண்டாவது காரணம் காசு. பழைய காஞ்சிப் பட்டில் ஜரிகை அசலாக இருக்க வாய்ப்புண்டு. ஓரத்தில் பிரிந்து தொங்கும் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது வெள்ளி சுற்றிய அசல் ஜரிகையாக இருக்கலாம். வேறு நிறம் தெரிந்தால் பெரும்பாலும் போலி. "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்" என்று போர்டு வைத்திருக்கும் கடைகள் அந்த வெள்ளிக்குத்தான் காசு தருகின்றன. குஷனாக வெட்டிவிட்டால் அதுவும் போச்சு. தவிர, வயதான பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாகக் கிழியும். குழந்தை ஏறி உட்காரும் குஷன் ஒரு மாதம் தாங்காது.

அதற்குப் பதிலாக, காதுகுத்து அன்றைக்கு ஒருநாள் மட்டும் அதைத் தொங்கவிடுங்கள். பட்டை வெட்டாமல் இரண்டாக மடித்தால் ஒன்பது அடி. கண்டாங்கித் திரைக்கு முன்னால், நடுவில், முந்தானை முன்பக்கம் வரும்படி தொங்கட்டும். இரண்டடி பரண் மேல் போகும், அதன் மேல் சுருட்டிய பாயை வையுங்கள், ஊசி குத்தக் கூடாது. நான்கடி அகலத்துக்குப் பட்டு, இரு பக்கமும் கட்டம் போட்ட காட்டன். அதற்கு முன்னால் தாய்மாமன் மடியில் குழந்தை. போட்டோவில் வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது. கூடியிருக்கும் உறவில் யாராவது ஒருவர் "இது உங்க முகூர்த்தப் புடவைதானே" என்று அத்தையைக் கேட்கத்தான் போகிறார்கள். சாயங்காலம் எடுத்து நிழலில் ஆறவிட்டு, வேறு மடிப்பாக மடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.

பித்தளைக் குடத்தில் ஓட்டையும் வேண்டாம். உலோகப் பாத்திரத்துக்குள் வயர் இழுப்பது எனக்குப் பயமான விஷயம். துளையின் கூர்மையான விளிம்பில் வயர் உரசித் தோல் உரிந்தால் குடம் முழுவதும் கரண்ட். தொடப்போவது நான்கு வயதுக் குழந்தை. எர்த் கொடுத்து முறையாகச் செய்வதற்கு ஆகும் செலவில் கடையில் விளக்கே வாங்கிவிடலாம்.

இந்த இடத்தில் என் மனத்தாங்கல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோக்களில் எல்லாப் பொருளும் வேறொரு பொருளாக மாறியாக வேண்டும் என்று ஒரு கட்டாயம். குடம் விளக்காகிறது, விளக்கு தொட்டியாகிறது, புடவை குஷனாகிறது. முறத்தைப் பெயிண்ட் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டு, அரிசி புடைக்க பிளாஸ்டிக் முறம் வாங்கிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுச் சாமான்களுக்கு இப்போது தேவை ஒரு இடமும் ஒரு வேலையும்தான், அவ்வளவே. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் இல்லாமல் உடனே துடைத்துவிடுங்கள்; ஈரத்தோடு விட்டால் மறுநாளே பழுப்புத் திட்டு விழும். அப்புறம் அதை ஹால் மூலையில் வைத்து, பாய்களைச் சுருட்டி அதற்குள் நிமிர்த்தி வையுங்கள். கோரைப்பாயும் பித்தளையும் சேர்ந்தால் வரும் அழகு எந்தக் கடையிலும் வாங்க முடியாதது. பாய்கள் இத்தனை நாள் எங்கே சாய்த்து வைப்பது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால்தானே இருந்தன?

குடமும் தாம்பாளமும் கடப்பா அலமாரிக்கு. மேல் தட்டுகளில் இரண்டை முழுதாகக் காலி செய்யுங்கள். இந்த வேலைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். மருந்துச் சீட்டு, பழைய சார்ஜர், கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாம் கீழ்த் தட்டுக்குப் போய்த் திரைக்குள் மறையட்டும். காலி செய்த தட்டு ஒன்றில் தாம்பாளத்தைப் பின்னால் நிமிர்த்திச் சாய்த்து, முன்னால் குடம். வேறு எதுவும் வேண்டாம். இன்னொரு தட்டில் குடும்பப் படங்கள் நான்கைந்து, சுவரில் சாய்த்தபடி. நம் வீடுகளில் படங்களை நிலைவாசலுக்கு மேலே உத்தரத்தை ஒட்டி மாட்டிவிட்டு, ஆயுசுக்கும் அண்ணாந்து பார்ப்போம். உங்கள் ஹாலில் பெரும்பாலும் தரையில் உட்காருகிறீர்கள் என்றால், படம் தரையிலிருந்து மூன்றரை, நான்கடியில் இருந்தால்தான் கண்ணில் படும். மாமனார் படம் ஏற்கெனவே மாலையோடு எங்காவது மாட்டியிருந்தால் அதை மட்டும் அசைக்காதீர்கள்.

டிரங்குப் பெட்டியை உட்காரும் பெஞ்சாக வைக்கலாம். மரப் பேலட் டீப்பாய்க்கு அவசியமே இருக்காது. ஆனாலும் கணவர் ஆசைப்படுகிறார் என்பதால்: பேலட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் மேலே என்ன கொட்டியதோ, யாருக்குத் தெரியும், அதுவும் வேண்டாம்.

பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிக் கவனமாகக் கேளுங்கள். துருவை எடுக்க உப்புத்தாள் போடும்போது பழைய பெயிண்ட் தூசியாகப் பறக்கும். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தையின் பெட்டி அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது. குழந்தைகளுக்கு ஈயத் தூசி கொஞ்சமும் ஆகாது. அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கி, தண்ணீர் தொட்டுத் தொட்டு, குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில், வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். வழித்த சேற்றை பேப்பரில் துடைத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள், வாசலில் கழுவி ஊற்றாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மறுநாள் எனாமல் இரண்டு கோட். இத்தனை பாடு வேண்டாம் என்று தோன்றினால், பெயிண்ட் உதிராமல் கெட்டியாக இருக்கும் பட்சத்தில் ஈரத்துணியால் துடைத்து, மேலே ஒரு ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். எதுவானாலும், பெட்டியின் கொண்டித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் ஒளிந்து விளையாடும் இடம் அது, மூடியும் கனம்.

பாட்டில்கள் பதினான்கில் மூன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். சணல் சுற்றிய பதினான்கு பாட்டில் ஒரு ஹாலில் இருந்தால் அது அலங்காரமாகத் தெரியாது, பாட்டில் கடையாகத்தான் தெரியும். மூன்றிலும் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வையுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒடிக்கும்போது கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும், அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வேர் அங்கிருந்துதான் விடும். நிறப் பாட்டிலாக இருந்தால் பாசி குறைவு. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த பிறகும் உயிரோடு கிடக்கும், அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. விசேஷத்தன்று வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டாலும் இதேதான், அன்று இரவே கொட்டிவிடுங்கள்.

வாங்கச் சொல்லும் பொருள் ஒன்று உண்டென்றால் அது பல்பு. உங்கள் ஹாலில் வெள்ளை டியூப்லைட்தான் எரியும் என்று நினைக்கிறேன். அந்த 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெளிச்சத்தில் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும், ஒவ்வொரு கறையும் தெரியும். பித்தளை அதில் வெளிறிப்போகும். அட்டையில் "வார்ம் ஒயிட்" அல்லது 2,700, 3,000 கெல்வின் என்று போட்ட எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்குங்கள், 9 வாட் போதும். ஒன்றைச் சுவரில் இருக்கும் ஹோல்டரில் போடுங்கள். இன்னொன்றை, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் வயரும் சுவிட்சும் உள்ள பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டி, கடப்பா அலமாரியில் குடத்துக்குப் பின்னால், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விளக்கு வேண்டும் என்ற உங்கள் ஆசையும் தீர்ந்தது, குடமும் ஓட்டையாகவில்லை. ராத்திரி டியூப்லைட்டை அணைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். குண்டு பல்பு மட்டும் வேண்டாம், பக்கத்தில் துணி இருக்கிறது.

கையில் 2,000 ரூபாய் என்றால் இப்படிப் பிரிப்பேன்: பல்பும் ஹோல்டர் வயரும் 400, ரீப்பர் கட்டையும் ஆணியும் 300, திரைத்தையல் 600, அலமாரிக்கு ஸ்பிரிங் கம்பி 100. ஸ்பிரிங் கம்பிக்குக் கொக்கி வேண்டுமே என்றால், அலமாரியின் இரு பக்கமும் உள்ளுக்குள் இறுகி நிற்கும் டென்ஷன் ராடு கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கும், அதற்கு ஆணி வேண்டாம். வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அந்த 600ம் மிச்சம். மீதியை விசேஷத்தன்று பூவுக்கும் தோரணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் ஹூக் வாங்கிக் காசைப் போடாதீர்கள். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் அது நிற்காது.

தோரணத்துக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் முந்தின நாள் சாயங்காலம் வந்தால் போதும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது. குருத்தோலையை மடிக்க அத்தையை உட்கார வையுங்கள். நல்ல காரியத்துக்கு மடிக்கிற விதம் வேறு, துக்கத்துக்கு வேறு. அந்த விஷயத்தில் வீடியோவைவிட அவர் நம்பகமானவர். தரை சிவப்பு சிமென்டாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அரைத்த பச்சரிசி மாவில் மாக்கோலம் இழுத்தால் கம்பளம் விரிக்கவே வேண்டாம். கோலம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அதற்கு முன் ஆசிட் ஊற்றித் தரையைத் தேய்த்துவிடாதீர்கள். ஆசிட் சிமென்ட்டை அரித்துப் பளபளப்பையே எடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

அலுமினியத் தாளை இன்றே ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள். ஓனரிடம் எதைக் கேட்பது, பங்குனிக்குப் பிறகு அந்தச் சுவருக்கு என்ன பூசச் சொல்வது என்பதையெல்லாம் அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல முடியும்.